பெட்ரோலும் சாமி விளக்கும் ஒரே கூரையின் கீழ் வேண்டாம்

மோட்டார் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, சுங்கை சிப்புட்டில் தாமான் வீட்டில் இருக்கிறோம். அப்பா தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் வாங்கிய ஹோண்டா ஈஎக்ஸ்5 இரண்டு வருடமாக ஓடாமல் நிற்கிறது. நானே பிரித்துச் சரிசெய்ய ஆசை. குசினிக்குப் பின்னால் ஜிங்க் கூரை போட்ட இடம் எட்டுக்குப் பத்தடி இருக்கும். அதில் சின்னதாக ஒரு பட்டறை போடலாமா? கையில் 600 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. எண்ணெய் நாற்றம் வீட்டுக்குள் வரும் என்று அம்மா சம்மதிக்க மாட்டேன் என்கிறார். என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: தம்பி, எட்டுக்குப் பத்தடி தாராளம். ஒரு கப்சாயை, அதாவது ஈஎக்ஸ்5 மாதிரிச் சின்ன மோட்டாரை, நடுவில் நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஆனால் வாங்குவதைப் பற்றி அப்புறம் பேசுவோம், முதலில் அம்மா சொல்வதைக் காதில் வாங்குங்கள். அவர் நாற்றம் என்று சொல்வது பெட்ரோல் ஆவியை. அது காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தரையோடு ஊர்ந்து கதவுக்குக் கீழே இருக்கும் இடுக்கு வழியாகக் குசினிக்குள் போகும். அங்கே கேஸ் அடுப்பு எரியும், பக்கத்தில் சாமி மேடையில் விளக்கு எரியும்.

எனக்கு 19 வயதில் நடந்ததைச் சொல்கிறேன். லயத்து வீட்டுக் குசினியில் உட்கார்ந்து மிலோ டின்னில் பெட்ரோல் ஊற்றி கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். அடுப்பு ஐந்தாறு அடி தள்ளித்தான் இருந்தது, அக்கா தேத்தண்ணி போட நெருப்புக் குச்சியைக் கிழித்தார், அவ்வளவுதான், தரையில் நீலமாக ஒரு நெருப்பு ஓடி வந்து டின்னைப் பிடித்தது. அக்காவின் பாவாடை ஓரமும் பற்றிக்கொண்டது. நனைந்த சாக்கைப் போட்டு அணைத்தோம். அக்கா காலில் அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. அதனால்தான் யார் பட்டறை போடுகிறேன் என்று எழுதினாலும் நான் ஸ்பேனரில் ஆரம்பிப்பதில்லை.

ஆகவே, மோட்டாரைப் பின்கட்டுக்குள் தள்ளுவதற்கு முன்பே, பகலில், வீட்டை விட்டுத் தள்ளி வெட்டவெளியில் நிறுத்தி, சீட்டுக்குக் கீழே இருக்கும் டாங்கியில் உள்ள பெட்ரோலை முழுக்க இறக்குங்கள். கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைத் தளர்த்தி அங்கே தங்கியிருப்பதையும் வடித்துவிடுங்கள். இரண்டு வருடம் நின்ற பெட்ரோல் கெட்டுப் பிசினாகி, கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் ஜெட் துவாரங்களை அடைத்திருக்கும், உங்கள் மோட்டார் ஓடாததற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். பாகம் கழுவ பெட்ரோல் வேண்டவே வேண்டாம், மண்ணெண்ணெய் போதும். பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பிடிக்கும் அளவு ஆவி விடும், மண்ணெண்ணெய்க்கு 38 டிகிரியாவது சூடு வேண்டும். நம் ஊர் வெயிலில் ஜிங்க் கூரைக்குக் கீழே அந்தச் சூடு வந்துவிடும் என்பதால் மண்ணெண்ணெயையும் மூடி வைத்து, நெருப்புக்குத் தள்ளியே பயன்படுத்துங்கள்.

600 வெள்ளியில் முதலில் வாங்க வேண்டியது ஏபிசி வகைப் பவுடர் தீயணைப்பான் ஒன்று. வேலை மேசைக்கு மேலே மாட்டாதீர்கள், வெளியே போகும் வழிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், எடுக்க ஓடும்போது நெருப்பை விட்டு விலகி ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும். பெட்ரோல் நெருப்பில் தண்ணீர் ஊற்றினால் நெருப்பு மிதந்து பரவும், அதனால் ஒரு வாளி மணலும் வையுங்கள். குசினிக் கதவின் அடி இடுக்கை ரப்பர் பட்டை வைத்து அடைத்துவிட்டு, எதிர்ச் சுவரில் தரையை ஒட்டியே கம்பி வலை போட்டு ஒரு திறப்பு விடுங்கள். கனமான ஆவி அந்த வழியாக வெளியே போகும், அம்மாவுக்கும் நாற்றம் குறையும்.

எஞ்சினை உள்ளே வைத்து ஸ்டார்ட் பண்ணாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தலை சுற்றும்போது நாம் எழுந்து போகும் நிலையில் இருக்க மாட்டோம். பின் சந்துக்குத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள். கரண்டுக்கு ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொன்றைச் சொருகி இழுக்காமல், லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு ஒரு 13 ஆம்ப் பிளக் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது ஸ்பேனர். 120 துண்டு என்று போட்டு ஒரு பெட்டி பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்பார்கள், அதை வாங்க வேண்டாம். அதில் முக்கால்வாசியை நீங்கள் தொடவே மாட்டீர்கள், தொடுகிற மிச்சமும் மெல்லிய இரும்பாக இருந்து போல்ட் தலையின் மூலைகளை உருட்டிவிடும். 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர், இந்த ஆறையும் நல்ல இரும்பில் வாங்குங்கள். 8, 10, 12-இல் டி-ஸ்பேனரும் இருந்தால் ஈஎக்ஸ்5-இல் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். எஞ்சினில் இருக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற 16 மில்லிமீட்டர் பிளக் ஸ்பேனர் தனியாக வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவரில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஜப்பான் மோட்டாரில் இருக்கும் பிளஸ் ஸ்க்ரூ, வீட்டுச் சாமான்களில் வரும் பிலிப்ஸ் அல்ல, ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவு. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், சிலவற்றின் தலையில் ஒரு சின்னப் புள்ளி போட்டிருப்பார்கள். பிலிப்ஸ் டிரைவர் அதில் சரியாக உட்காராது, பலம் கொடுத்ததும் மேலே ஏறி வழுக்கி ஸ்க்ரூ தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் டிரைவர் இரண்டு வாங்குங்கள். இரண்டு வருடம் நின்ற வண்டி என்பதால் சுத்தியலால் அடித்தால் திரும்புகிற இம்பாக்ட் டிரைவர் ஒன்றும் வேண்டும், அதற்கும் ஜேஐஎஸ் முனை கேளுங்கள். முதல் நாள் இரவே ஸ்க்ரூக்களில் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துவிட்டுத் தூங்குங்கள்.

மிச்சப் பணத்தில், இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். எஞ்சின் உடம்பு அலுமினியம், போல்ட் இரும்பு. ஈஎக்ஸ்5 எண்ணெய் வடிக்கும் 17 நட்டைக் காலால் மிதித்து இறுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன், மரை போய்விட்டால் அப்புறம் எஞ்சின் அடிப்பகுதியையே கழற்றிக் கடைக்குத் தூக்க வேண்டும். அந்த நட்டுக்கு சுமார் 25 நியூட்டன் மீட்டர் போதும், 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள சாதாரண போல்ட்டுகளுக்கு சுமார் 10 போதும். 10 என்பது எவ்வளவு குறைவு என்பது முதல் தடவை ரெஞ்ச் டக்கென்று சொல்லும்போதுதான் கைக்குத் தெரியும்.

மேசைக்குப் பழைய பலகை போதும். நின்று வேலை செய்தால் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வருகிற உயரம் வையுங்கள். எஞ்சின் பக்கமூடியைக் கழற்றுவதற்கு முன் ஒரு அட்டைப்பெட்டித் துண்டில் அதன் வடிவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எந்த இடமோ அங்கே துளை போட்டுச் சொருகி வையுங்கள். எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளம் இல்லை, நீளமானதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் எஞ்சின் உடம்பு விரிசல் விட்டுவிடும். தோட்டத்து டிராக்டர் கொட்டகையில் ஒரு மூத்த ஃபிட்டர் எனக்கு முதல் நாளே காட்டிக்கொடுத்த வேலை இது, இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.

உடனே எஞ்சினைப் பிளக்கவும் வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, கையால் கிக்கரை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். சுற்றினால் நல்லது. எண்ணெய் மாற்றுங்கள், 0.7 லிட்டர்தான் பிடிக்கும், போத்தலில் மிஞ்சுகிறதே என்று முழுக்க ஊற்றிவிடாதீர்கள். போத்தலில் ஜாசோ எம்ஏ என்ற மோட்டார்சைக்கிள் எண்ணெய்த் தர முத்திரை போட்டிருக்க வேண்டும், கிளட்ச் எண்ணெயிலேயே நனைந்து ஓடுவதால் காருக்கான எண்ணெய் ஊற்றினால் வழுக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டு அளவுகோலை வைத்துப் பாருங்கள். பிரேக், செயின் பாருங்கள். பழைய பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். இவ்வளவிலேயே உங்கள் அப்பாவின் மோட்டார் கிளம்பிவிட அதிக வாய்ப்பு இருக்கிறது. கிளம்பினால் எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: ஐயா, வீட்டிலேயே எண்ணெய் மாற்றுகிறேன். வடித்த கறுப்பு எண்ணெயை என்ன செய்வது? பக்கத்து வீட்டுக்காரர் வேலிக் கட்டைக்குப் பூசினால் கரையான் வராது என்று கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். மழை பெய்தால் அது கட்டையிலிருந்து மண்ணுக்கும் கால்வாய்க்கும்தான் போகும், நம் பக்கத்துக் கால்வாய் ஆற்றில் போய்ச் சேரும். பழைய எஞ்சின் எண்ணெயை மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிமுறையில் எஸ்டபிள்யூ 305 என்ற எண் போட்டுத் தனிக் கழிவாகவே வைத்திருக்கிறார்கள். வாங்கிய போத்தலிலேயே திரும்ப ஊற்றி, மூடி, இரண்டு மூன்று சேர்ந்ததும் நீங்கள் சாமான் வாங்கும் மோட்டார் கடையில் கேளுங்கள். அவர்கள் டிரம்மில் சேர்த்து எடுக்க வருபவரிடம் கொடுப்பார்கள். பெட்ரோலோ தண்ணீரோ அதில் கலக்க வேண்டாம். அப்புறம் கைக்கு உறை போடுங்கள், பழைய எண்ணெய் தோலில் நாள்கணக்கில் படுவது நல்லதல்ல.

கேள்வி: ஒரு பழைய தோட்டத்துக் கொட்டகையில் யமாஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார் ஒன்று கிடக்கிறது. கெரான் (வண்டியின் பதிவுப் பத்திரம்) இல்லையாம், விலை ரொம்பக் குறைவு. வாங்கிப் பிரித்து வேலை பழகலாமா?

பதில்: வேண்டாம். கெரான் இல்லாத மோட்டாருக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காது, இன்ஷூரன்ஸ் இல்லாமல் ரோடு டேக்ஸ் இல்லை, சடக்கில் (சாலையில்) இறக்கவே முடியாது. அது திருட்டு வண்டியாக இருந்தால் பிரித்து வைத்திருப்பவர் நீங்கள்தான். பழகத்தான் என்றால் பழைய இரும்புக் கடையில் தனி எஞ்சின் ஒன்று எடையில் வாங்குங்கள், அதற்கும் ரசீது கேளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பள்ளி விட்டு வந்தால் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். தடுப்பதா விடுவதா என்று தெரியவில்லை. கணவர் வெளியூரில் வேலை.

பதில்: விடுங்கள் அம்மா. கையால் வேலை செய்யத் தெரிந்த பிள்ளை எங்கேயும் பிழைத்துக்கொள்வான். ஆனால் மோட்டார் ஓட்ட எடுக்கும் பி2 லைசென்ஸ் 16 வயதில்தான், அதுவரைக்கும் பிரிக்கலாம், பூட்டலாம், சடக்கில் ஓட்டக் கூடாது. இன்னொன்றை நீங்களே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுற்றுகிற செயினைத் துணியால் துடைக்கிற பழக்கம் பையன்களிடம் உண்டு. துணியைச் செயின் இழுக்கும், துணியோடு விரலும் பற்சக்கரத்துக்குள் போகும், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். செயின் துடைக்கும்போது சாவி உங்கள் கையில் இருக்கட்டும், சக்கரத்தை அவன் கையால் சுற்றித் துடைக்கட்டும்.