பெயர் பொருந்தாவிட்டால் ஓட்டுப் போட விடமாட்டார்களா?

கேள்வி: ஜார்ஜியா மாநிலம் குவினெட் கவுண்டியில் வசிக்கிறோம். நானும் அம்மாவும் இந்த ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை பெற்றோம். குடியுரிமைச் சான்றிதழில் என் பெயர் ஒரு மாதிரியும், டிரைவிங் லைசென்ஸில் அப்பா பெயரோடு சேர்ந்து வேறு மாதிரியும் இருக்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. வாக்குச்சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

பதில்: அனுப்பக் கூடாது. ஆனாலும் தேர்தல் நாள் வரை காத்திருக்காமல் இப்போதே காகிதங்களைச் சரிசெய்துவிடுங்கள்.

உங்கள் பயம் வீண் பயமில்லை. வாக்காளர் விண்ணப்பத்தை லைசென்ஸ் துறை அல்லது சோஷியல் செக்யூரிட்டி பதிவோடு ஒப்பிடும் முறையை ஜார்ஜியா 2017-ல் சட்டமாக்கியது. அப்போது ஓர் எழுத்தோ ஹைஃபனோ மாறியிருந்தால்கூட விண்ணப்பம் நின்றுபோனது. 2018 தேர்தலுக்கு முன் இப்படிச் சுமார் 53,000 விண்ணப்பங்கள் தேங்கின. ஏறக்குறைய 70 சதவீதம் கறுப்பின மக்களுடையவை. மாநிலத்தில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். சட்டத்தைப் படித்தால் இனம் என்ற பேச்சே இருக்காது, விளைவில்தான் தெரியும். இதுபோன்ற ஒரு சரிபார்ப்பு முறைக்கு 2009-ல் மத்திய அரசின் நீதி அமைச்சகம் அனுமதி மறுத்திருந்தது. 1965 வாக்குரிமைச் சட்டம் தந்த அந்த முன் அனுமதி அதிகாரத்தை 2013-ல் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு செயலிழக்கச் செய்தது. இப்போது விதி முதலில் அமலுக்கு வந்துவிடும். பாதிக்கப்பட்டவர்தான் பிறகு கோர்ட்டுக்கு ஓட வேண்டும். கறுப்பின மக்களை அதிகம் சிக்கவைத்த அதே வலையில், இனிஷியலும் அப்பா பெயரும் இடம் மாறி நிற்கும் நம் பெயர்களும் மாட்டின.

அந்தச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு பெயர் வித்தியாசம் மட்டும் பதிவை நிறுத்தாது. குடியுரிமைக் குழப்பம் நிறுத்தும். உங்களுக்கு உண்மையான ஆபத்து அதில்தான்: கிரீன் கார்டு காலத்து லைசென்ஸ் பதிவில் நீங்கள் இன்னும் வெளிநாட்டவர். முதலில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், அடுத்து லைசென்ஸ் அலுவலகம். இரண்டிலும் குடியுரிமைச் சான்றிதழில் உள்ள எழுத்துகளே இருக்கட்டும். பிறகு வாக்காளர் பதிவு. கெடு தேர்தலுக்குச் சுமார் நான்கு வாரம் முன்பே முடிந்துவிடும். அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்து, ஓட்டுப் போடும்போது கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடையாளம், குடியுரிமை இரண்டுக்கும் அது ஒன்றே போதும்.

அம்மா விஷயம் இன்னும் எளிது. வயதும் கிரீன் கார்டு ஆண்டுகளும் கணக்கில் வந்ததால் அவர் குடிமையியல் தேர்வுக்குத் தமிழிலேயே பதில் சொல்லியிருக்கலாம். வாக்குச்சீட்டு தமிழில் வராது. குவினெட்டில் ஆங்கிலமும் ஸ்பானிஷும்தான். ஆனால் வாக்குரிமைச் சட்டத்தின் 208-ஆம் பிரிவு, படிக்க இயலாதவர் தான் விரும்பும் ஒருவரை உதவிக்கு அழைத்துச் செல்லலாம் என்கிறது. வேலை கொடுப்பவரும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. நீங்கள் தாராளமாகக் கூடப் போகலாம். உதவுபவர் படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். அம்மா சொல்வதைத்தான் குறிக்க வேண்டும். உங்கள் விருப்பத்தை அங்கே திணிக்காதீர்கள்.

அப்படியும் மறுத்தால் வெறுங்கையோடு வீடு திரும்பாமல் தற்காலிக வாக்குச்சீட்டை (provisional ballot) கேட்டு வாங்குங்கள். ஆதாரம் காட்ட மூன்று நாள் உண்டு. போவது உங்களுடைய சாவடிதானா என்று முன்பே பார்த்துவிடுங்கள்: 2021 சட்டப்படி, மாலை 5 மணிக்கு முன் வேறு சாவடியில் போட்ட தற்காலிக ஓட்டு எண்ணப்படாது.

எச்1பி வேலை விசாவில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்லிவையுங்கள். லைசென்ஸ் அலுவலகத்தில் நீட்டும் படிவத்தில் குடிமகன் என்ற கட்டத்தை அவசரத்தில் டிக் செய்துவிட்டால், நாடு கடத்தல் வரை போகும்.