சின்னவன் மீன் பயந்தாங்கொள்ளி இல்லை

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறோம். எனக்கு இரண்டு மகன்கள், 11 வயது, 8 வயது. ஒரே மீன் வாங்கினால் அதற்கும் சண்டை வரும் என்று கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் ஆளுக்கொரு ஃபைட்டர் மீன் வாங்கிக் கொடுத்தோம். டி.வி. ஸ்டாண்டில் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைக்காரர் சொன்னபடி நடுவில் அட்டை வைத்திருக்கிறோம். பெரியவனுடைய நீல மீன் எந்நேரமும் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் முட்டுகிறது, ராத்திரியில்கூட. வால் கிழிந்திருக்கிறது. மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. சின்னவனுடைய சிவப்பு மீன் மூலையை விட்டே வருவதில்லை. யாராவது வந்தால் மட்டும் அட்டையை எடுத்துக் காட்டுவோம். பெரியவன் மீன் சூரன், சின்னவன் மீன் அவனைப் போலவே பயந்தாங்கொள்ளி என்று இவர் சொல்ல, எல்லோரும் சிரிப்போம். நீல மீனுக்கு என்ன நோய்? என்ன மருந்து போடலாம்?

பதில்: மருந்து எதையும் ஊற்றாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நோயைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. யாராவது வந்தால் அட்டையை எடுப்போம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, காரணம் அந்த வரியில்தான் இருக்கிறது.

கடைக்காரர் எதற்காக அட்டை வைக்கச் சொன்னார்? கொளத்தூரில் நீங்களே பார்த்திருப்பீர்கள், ஒவ்வொரு ஃபைட்டரையும் தனித்தனி டப்பாவில்தான் வைத்திருப்பார்கள். ஆண் ஃபைட்டரின் கண்ணில் இன்னொரு ஆண் பட்டால் போதும், செவுள் மூடியை விரித்து, அடியில் இருக்கும் சவ்வைத் தாடி போலத் தொங்கவிட்டு, எல்லாத் துடுப்பையும் விறைத்துக்கொண்டு நிற்கும். அதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். வேறு ஆண் மீனையே பார்க்காமல் தனியே வளர்ந்ததும் இதைச் செய்யும். போதாததற்கு, தாய்லாந்தில் பந்தயச் சண்டைக்காக மூர்க்கமான மீன்களாகவே பொறுக்கித் தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கியிருக்கிறார்கள். கடைகளில் விற்பது அந்த வம்சம்தான்.

இப்படிச் செவுளை விரித்துக் காட்டுவது எதற்கு? ‘இது என் இடம், போய்விடு’ என்று சொல்வதற்கு. வயல் தண்ணீரிலும் சதுப்பிலும் இது நடந்தால் இரண்டில் ஒன்று துடுப்பை மடக்கிக்கொண்டு செடிகளுக்குள் போய்விடும், விஷயம் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். உங்கள் வீட்டுக் கிண்ணத்தில் அது எங்கே போகும்? சிவப்பு மீனைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். நிறம் வெளிறி, துடுப்புகள் உடம்போடு ஒட்டி, பக்கவாட்டில் கோடுகள் தெரிந்தால், அது தன்னால் முடிந்த விதத்தில் ‘நான் விலகிவிட்டேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. விலகிப் போகத்தான் இடமில்லை. நீல மீனுக்கோ, அட்டையை எடுத்த நேரமெல்லாம் எதிரி கண்ணை விட்டுப் போவதே இல்லை, அதனால் அதற்கும் நிறுத்த முடியவில்லை. நீங்கள் சூரன் என்று கொண்டாடுகிற மீன்தான் மூன்று நாளாகப் பட்டினி கிடக்கிறது. இதில் வீரனும் இல்லை, கோழையும் இல்லை. இரண்டுமே மாட்டிக்கொண்டிருக்கின்றன.

ராத்திரியில் ஏன் என்று கேட்பீர்கள். ஹால் விளக்கை அணைத்துவிட்டு மீன் பக்கத்தில் மட்டும் விளக்கு எரிகிறதா? வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம் என்றால் கிண்ணத்தின் கண்ணாடியே முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து முட்டிக்கொண்டிருக்கும், அந்த எதிரியும் ஓடிப்போகாது. அணைந்த டி.வி. திரையும் அப்படித்தான் பிரதிபலிக்கும். கண்ணாடியில் விரலை வைத்து ஆட்டினாலும் சில மீன்கள் சீறும். பிள்ளைகள் அதைச் செய்கிறார்களா என்று பாருங்கள். முட்டைகளை வைக்கத் தண்ணீர்மேல் நுரைக்கூடு கட்டியிருக்கும் ஆண் இன்னும் உஷாராக இருக்கும்.

இன்றைக்கே ஒரு கிண்ணத்தை வேறு அறைக்கு மாற்றுங்கள். அட்டையை நம்ப வேண்டாம், உங்கள் வீட்டில் அதை எடுக்கக் கைகள் இருக்கின்றன. ராத்திரி விளக்கை முழுக்க அணையுங்கள். முடிந்த சீக்கிரத்தில் ஆளுக்கு 20 லிட்டர் பிடிக்கும் தொட்டி வாங்கி, மூன்று பக்கம் வெளியே காகிதம் ஒட்டி, ஒளிந்துகொள்ளச் செடி வையுங்கள். மேலே மூடி வேண்டும், குதித்துவிடும். ஆனால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இடம் விடுங்கள், இந்த மீன் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். 25 முதல் 28 டிகிரி வெப்பம் இதற்குப் போதும், ஏ.சி. அறை வேண்டாம். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாமல் குளோரின் நீக்கும் திரவம் கலந்து விடுங்கள். நம் தெருக்களில் நிற்கும் நாட்டு வாதாம் மரத்தின் பழுத்துக் காய்ந்த இலையைக் கழுவிப் போட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். ஃபைட்டர் வளர்ப்பவர்கள் விரும்பிப் போடுவது அது. சுத்தமான தண்ணீரும் அமைதியும் கிடைத்தால் கிழிந்த வால் வளர்ந்துவிடும். ஓரம் கறுத்து, அரித்துக்கொண்டே உள்ளே போனால் மட்டும் மீன் வைத்தியம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

சில வளர்ப்பாளர்கள் ஒன்றிரண்டு நிமிடம் கண்ணாடி காட்டிச் செவுள் விரிக்கவிட்டு எடுத்துவிடுவார்கள், அதனால் மீன் செத்துவிடாது. உங்கள் வீட்டுக்கு அதுவும் வேண்டாம் என்பேன். காரணம் மீன் இல்லை.

‘அவனைப் போலவே பயந்தாங்கொள்ளி.’ எட்டு வயதுப் பிள்ளை நின்று கேட்டுக்கொண்டிருக்க, வந்தவர்கள் முன்னால் அப்பா சொல்கிறார், அம்மா சிரிக்கிறீர்கள். இதை எனக்கு எழுதும்போதுகூட உங்கள் கை தயங்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் சண்டை வரக் கூடாது என்றுதானே இரண்டு மீன் வாங்கினீர்கள்? அப்புறம் அந்த மீன்களை வைத்தே இருவரையும் மோதவிட்டால் என்ன அர்த்தம்? பெரியவன் இதில் ஜெயிக்கிறான் என்று நினைக்காதீர்கள். தம்பி தோற்றால்தான் தனக்குக் கைதட்டு என்று அவன் கற்றுக்கொள்கிறான். பெற்றவர்களின் முதல் கடமை, ஒரு பிள்ளையை அளக்க இன்னொரு பிள்ளையை எடுக்காமல் இருப்பது. சோறு போடுவதும் ஃபீஸ் கட்டுவதும் அதற்கு அப்புறம்தான்.

கணவரிடம் எதிர்த்துப் பேசச் சொல்கிறேனா என்றால், ஆமாம், பேசுங்கள். வந்தவர்கள் முன்னால் வேண்டாம், தனியாக, ஆனால் தெளிவாக. அடுத்த முறை யாராவது மீன் சண்டையைக் காட்டச் சொன்னால் முடியாது என்று சொல்ல வேண்டியவர் அவர்தான், சின்னவன் காதில் விழும்படி. பெரியவனிடம் நீல மீன் ஏன் சாப்பிடவில்லை என்று சொல்லுங்கள், பதினோரு வயதில் புரியும். இரண்டு தொட்டியிலும் வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றும் வேலையை இருவருக்கும் சேர்த்தே கொடுங்கள், நீங்கள் கூட நில்லுங்கள்.

மீன்களைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அப்பா அப்படிச் சொல்லும்போது சின்னவன் என்ன செய்கிறான் என்று எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.