பத்தாயிரம் ரூபாய்க்குள் முதல் கிட்டார்: எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முதல் கிட்டார் எதை வாங்கலாம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: சினிமாப் பாட்டுக்குக் கார்டு (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கவிடுவது) பிடித்துப் பாட ஆசை, இதுவரை கிட்டாரைத் தொட்டதில்லை, கையில் பத்தாயிரத்துக்கு மேல் கிடையாது. கடைக்காரர் ஒன்று சொல்கிறார், யூடியூபில் வேறொன்று சொல்கிறார்கள்.

பத்தாயிரத்தையும் கிட்டாரிலேயே கொட்டாதீர்கள். ஆயிரம் ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள், செட்டப் செய்ய, அதாவது கம்பி உயரத்தையெல்லாம் வாசிக்க வசதியாகச் சரிசெய்ய. இந்த விலையில் பெரும்பாலும் ஒட்டுப்பலகைதான். எந்த மரம், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அப்புறம். கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, அதுதான் முதல் கேள்வி. புதிதாகக் கற்பவர்கள் பாதியில் விடுவதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வார்கள். நான் பார்த்தவரை, பாதிப் பேர் கையில் இருந்த கிட்டாரை நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கூட அரை மணி நேரம் அழுத்த முடியாது.

என் அக்கா மகன் ஆன்லைனில் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு ஒன்று வாங்கினான். பை, ஸ்ட்ராப், பிக், ஒரு செட் கம்பி எல்லாம் சேர்ந்த காம்போ. ஜி, சி, டி கார்டுகள் வரை எப்படியோ ஓட்டிவிட்டான். எஃப் கார்டு வந்ததும், "மாமா, என் விரலுக்கு இது வராது" என்று பீரோ மேல் ஏற்றிவிட்டான். இறக்கிப் பார்த்தேன். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட். 12-ஆம் ஃப்ரெட்டில் ஸ்கேலை நிறுத்தினால் தடித்த கம்பிக்கு அடியில் கிட்டத்தட்ட நாலு மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டரை இருந்தால் தாராளம். அவன் விரலில் ஒரு குறையும் இல்லை.

கம்பிகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும், உடலில் ஒட்டிய கட்டைதான் பிரிட்ஜ். அதில் செருகியிருக்கும் வெள்ளைப் பட்டைக்குச் சாடில் என்று பெயர். கம்பியைத் தளர்த்தி அதை உருவி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்தோம். 12-ஆம் ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே ஒரு மில்லி இறங்க வேண்டுமானால் சாடிலில் இரண்டு மில்லி போக வேண்டும். கொஞ்சம் தேய்த்து, மாட்டிப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். தேய்த்ததை ஒட்ட முடியாது. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டைதான் நட். அதில் கம்பி உட்காரும் காடியை மட்டும் நாமே தொடக் கூடாது, அதற்கென்று மெல்லிய அரம் இருக்கிறது. பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்து வாங்கினோம். எஃப் கார்டு கஷ்டமாக இருப்பதற்குப் பல நேரம் அந்தக் காடி ஆழம் போதாததும் காரணம்.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம், வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஒரு கம்பியை 3-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, 1-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் நல்ல நட். பென்சில் முனையே நுழைந்தால் வேறு கிட்டாரைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக் கழுத்தை நோக்குங்கள், முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று. ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி மீட்டி, எங்காவது கரகரக்கிறதா என்று கேளுங்கள். கழுத்தின் ஓரத்தில் விரலை மேலும் கீழும் ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் கிழிக்கக் கூடாது. 12-ஆம் ஃப்ரெட்டில் மீட்டும் ஸ்வரம், அதே கம்பியைத் திறந்து மீட்டும் ஸ்வரத்தின் மேல்ஸ்தாயியாக இருக்க வேண்டும். போனில் டியூனர் ஆப்பை வைத்தே சோதிக்கலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், காசு உங்களுடையது.

டிரஸ் ராடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி அது. ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ அளவுக்குக் கழுத்தை இழுக்கின்றன. ராடு இல்லாத கழுத்து நம் ஊர் வெயிலில் வளைந்தால் நிமிர்த்த வழியில்லை. மிக மலிவான கிட்டார்களில் இது பல நேரம் இருப்பதில்லை.

பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்றால், யமஹா எஃப் 280. காது குளிரும் நாதமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பத்தை எடுத்துப் பார்த்தால் பத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், புதியவருக்கு அதுதான் வேண்டும். யமஹாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 2019 முதல் தொழிற்சாலை இருக்கிறது. கீபோர்டோடு கிட்டாரும் அங்கே செய்கிறார்கள். கைக்காசு ஐந்தாயிரத்துக்குள்தான் என்றால், கொல்கத்தாவின் கிவ்சன் போன்ற உள்நாட்டுக் கிட்டார்களும் தப்பில்லை. அவற்றில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் அதிகம் என்பதால், மேலே சொன்ன சோதனைகளை நேரில் செய்யாமல் வாங்காதீர்கள்.

நைலான் கம்பி விரலுக்கு மெத்தென்று இருக்கும் என்று அதைச் சிபாரிசு செய்வார்கள். உண்மைதான். ஆனால் நைலான் கம்பி போடும் கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து நட்டருகே சுமார் 52 மில்லிமீட்டர் அகலம், எஃப் 280 போன்றவற்றில் 43. பாட்டுக்குக் கார்டு அடிக்க ஸ்டீல்தான் பொருந்தும். விரல் வலி சில வாரத்தில் தோல் காய்த்ததும் அடங்கிவிடும். டிரினிட்டி இசைத் தேர்வில் கிளாசிக்கல் கிரேடு எழுதப் போகிறீர்கள் என்றால் மட்டும் நைலான். அதில் ஸ்டீல் கம்பியை மாட்டிவிடாதீர்கள், பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

கடைகளில் மலிவாகத் தொங்குவது பெரும்பாலும் 38 இன்ச் நீளம். ஒல்லியான உடம்புக்கு வசதி, சத்தம் கொஞ்சம் சன்னம். நாற்பது, நாற்பத்தொன்று முழு அளவு. இரண்டையும் மடியில் வைத்துப் பாருங்கள். வலது தோள் தூக்கிக்கொண்டு நின்றால் சின்னதை எடுங்கள். உயர்ந்த ஃப்ரெட்களைக் கை எட்டுவதற்காக ஓரத்தில் வெட்டு வைத்த உடல் இருந்தே ஆக வேண்டும் என்பதெல்லாம் இல்லை, முதல் வருஷம் அந்தப் பக்கமே போக மாட்டீர்கள். ஸ்பீக்கரில் இணைக்க பிக்கப் பொருத்திய செமி அகௌஸ்டிக்கும் வேண்டாம், அந்தக் காசு கிட்டாரிலிருந்துதான் பிடுங்கப்பட்டிருக்கும்.

பழைய கிட்டார் என்றால் எனக்கு இரட்டைச் சந்தோஷம். ஆசையாக வாங்கி ஆறு மாதத்தில் விற்பவர்கள் ஏராளம். பிரிட்ஜுக்குப் பின்னால் விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பசை விட்டிருக்கிறது, வேண்டாம். பிரிட்ஜுக்குப் பின்புறம் பலகை வயிறு தள்ளியிருந்தாலும் வேண்டாம். துருப்பிடித்த கம்பி ஒரு குறையே அல்ல. அதைக் காட்டி விலை குறைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் 10 அல்லது 11 கேஜ் (கம்பியின் தடிமன்) செட் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். கடையில் வரும் 12 கேஜைவிட அழுத்த இலகுவாக இருக்கும்.