வங்கிக்குத்தான் பொங்கல் லீவு, இ.எம்.ஐ.க்கு இல்லை

கேள்வி: ஜனவரி 15, 16, 17 மூன்று நாளும் வங்கி லீவு. என் வண்டிக் கடனுக்கு 16-ம் தேதி தவணை. வங்கி திறந்த பிறகுதானே பணம் எடுப்பார்கள்? பொங்கல் வியாபாரப் பணத்தை லீவு முடிந்ததும் கட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: தயவுசெய்து அப்படி இருந்துவிடாதீர்கள். 16-ம் தேதியே எடுப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பு நீங்கள் சொல்வதுபோலத்தான் நடந்தது. தவணை தேதி லீவில் விழுந்தால் அடுத்த வேலை நாளில் பிடிப்பார்கள். ஆனால் 2021 ஆகஸ்ட் 1 முதல், இ.எம்.ஐ. பிடிக்கும் ‘நாச்’ முறை ஞாயிறு, பண்டிகை பார்க்காமல் எல்லா நாளும் இயங்குகிறது. சம்பளமும் பென்ஷனும் ஞாயிற்றுக்கிழமையில்கூட வந்து விழுவது இதனால்தான். வரவு வரும் அதே வழியில் தவணையும் போகும்.

கணக்கில் 10 ரூபாய் குறைந்தாலும் முழுத் தவணையும் திரும்பிவிடும். உங்கள் வங்கி ஒரு கட்டணம் போடும், கடன் கொடுத்தவர்கள் தனியாக ஒன்று போடுவார்கள். கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் அடிபடலாம். என் உறவினர் ஒருவர் இப்படித்தான் ஒரே தவணைக்கு இரண்டு இடத்திலும் அபராதம் கட்டினார். கணக்கில் இல்லாத பணம் வீட்டுப் பீரோவில் இருந்தது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பணத்தை 14-ம் தேதியே கணக்கில் கட்டிவிடுங்கள். முடியாவிட்டால் 15-ம் தேதி பணம் போடும் மெஷினில் போடலாம். பண்டிகை நேரத்தில் மெஷின் நிரம்பி நின்றுவிடுவதும் உண்டு, கடைசி நேரம்வரை காத்திருக்க வேண்டாம். செக்கை நம்பாதீர்கள். லீவு நாளில் பெட்டியில் போட்ட செக் அங்கேயேதான் கிடக்கும்.

கேள்வி: பொங்கலன்று ஸ்கூட்டர் எடுக்கிறோம். 1,35,000 ரூபாய் கட்ட வேண்டும். ஜிபேயில் போகுமா?
- வாசகி, கரூர்

பதில்: ஜிபே இயங்குவது யு.பி.ஐ. வழியாக; பொதுவாக அதில் ஒரு நாளைக்கு 1 லட்சம்தான். பெரிய தொகை அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ். முறை 2 லட்சத்தில்தான் தொடங்கும், உங்களுக்கு உதவாது. வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு அனுப்பும் நெஃப்ட் முறை 2019 டிசம்பர் முதல் லீவு நாளிலும் இரவு பகலாக இயங்குகிறது, உடனே பணம் போய்ச் சேரும் ஐ.எம்.பி.எஸ்.ஸிலும் அனுப்பலாம். ஒரு விஷயம்: ஷோரூம் கணக்கை இரண்டு நாள் முன்னதாகவே உங்கள் வங்கி ஆப்பில் சேர்த்துவிடுங்கள். புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் 24 மணி நேரம் பல வங்கிகள் சிறு தொகைதான் அனுமதிக்கின்றன. நல்ல நேரம் பார்த்துப் போய் நின்றுவிட்டு பணம் போகாமல் தவிக்கக் கூடாது, இல்லையா? அனுப்பும் முன் கணக்குப் பெயர் ஷோரூம் பெயர்தானா என்றும் பாருங்கள்.

கேள்வி: லீவு நாளில் ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. வங்கி திறக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?
- வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். உடனே வங்கியின் டோல்ஃப்ரீ எண்ணிலோ ஆப்பிலோ புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் எடுக்க முயன்ற நாளிலிருந்து 5 நாளுக்குள் திருப்பிப் போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இது காலண்டர் நாள் கணக்கு, லீவும் சேர்த்தி. அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய், நீங்கள் கேட்காமலேயே தர வேண்டும். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

நீங்கள் எடுக்காத பணம் போயிருந்தால் அது வேறு கதை. அப்போது கார்டை முடக்கிவிட்டு, அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.