அழைப்பு ஒருவருக்கு, பயணம் இருவருக்கா?

கேள்வி: எனக்கு 34 வயது. இரண்டு பிள்ளைகள். வெளிநாட்டில் மிஷனரியாக ஊழியம் செய்ய ஆண்டவர் என்னை அழைக்கிறார் என்று உறுதியாக நம்புகிறேன். அனுப்ப சபையும் தயார். மனைவிதான் வரமாட்டேன் என்கிறாள். "மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வேதம் சொல்கிறதே, நீ கிளம்பு, அவள் பின்னாலேயே வருவாள்" என்கிறார் நண்பர். அக்கா, நீங்கள் மிஷனரியின் மனைவியாக வாழ்ந்தவர். நான் என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, இப்போதைக்குக் கிளம்ப வேண்டாம். உங்கள் அழைப்பை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் மனைவி சொல்வதை விசுவாசக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். நண்பர் காட்டிய வசனம் எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. மூன்று வசனம் தள்ளி, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல மனைவியை நேசிக்கும்படி புருஷனுக்கு எழுதியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள்.

இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரியை எல்லோரும் கொண்டாடுகிறோம். அவர் மனைவி டோரதியைப் பற்றி எந்த மிஷனரிக் கூட்டத்திலாவது கேட்டிருக்கிறீர்களா? 1793-இல் கேரி வங்காளத்துக்குப் புறப்பட்டபோது டோரதி வர மறுத்தார். அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. பயணம் தாமதமானதால் கேரியும் உடன் போகவிருந்தவரும் மறுபடியும் போய் வற்புறுத்தினார்கள். தங்கை துணைக்கு வந்தால் வருகிறேன் என்று, கைக்குழந்தையோடு கப்பல் ஏறினார். மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்துபோனான். அதன்பின் டோரதியின் மனநிலை பாதிக்கப்பட்டது. 1807-இல் இறக்கும்வரை அவர் தேறவே இல்லை. கேரியின் மொழிபெயர்ப்புகளுக்காக நான் நன்றி சொல்லும்போதெல்லாம் பக்கத்து அறையில் இருந்த அந்தப் பெண்ணையும் நினைத்துக்கொள்வேன்.

என் கதையையும் சொல்கிறேன். அனுப்பும் ஆராதனையில் என் கணவரிடம் அழைப்பைப் பற்றி விரிவாகக் கேட்டார்கள். என்னிடம் "சம்மதம்தானே?" என்றார்கள், அவ்வளவுதான். சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது, தலையாட்டினேன். பணித்தளத்தில் அவருக்குக் காலையில் மொழிப் பாடம், மாலையில் சந்திப்புகள். எனக்கு ஒன்றரை வயதுக் குழந்தையும் வீட்டு வேலையும். பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று ஏதோ கேட்பார். ஒரு சொல்கூடப் புரியாது. சிரித்துவிட்டு, உள்ளே போய் அழுவேன்.

எட்டாவது மாதம் குழந்தைக்கு மலேரியா வந்தது. எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று செவிலியர் கேட்டது எனக்கு விளங்கவில்லை. அன்று இரவுதான் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வாதாடவில்லை, வசனம் சொல்லவில்லை. மறுநாளே தன் பாட நேரத்தில் ஒரு மணி நேரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அப்புறம் பதினோரு ஆண்டுகள் அங்கே இருந்தோம். அந்த ஒரு மணி நேரம் கிடைத்திராவிட்டால் இரண்டாம் ஆண்டே திரும்பியிருப்போம்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. பர்மாவுக்குப் போன அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன், ஆன் என்ற பெண்ணை மணமுடிக்கக் கேட்டபோது, வரப்போகும் ஆபத்துகளையெல்லாம் மறைக்காமல் அவள் அப்பாவுக்கு எழுதினார். முடிவை அப்பா மகளிடமே விட்டார். ஆன் தானே யோசித்து, தானே சம்மதித்தார். பர்மிய மொழியைக் கற்று, தானியேல், யோனா புத்தகங்களை மொழிபெயர்த்தார். அவருக்கும் துன்பம் குறைவில்லை. 1826-இல் இளம் வயதிலேயே இறந்தார். ஆனாலும் அவர் போனது அவருடைய சொந்த அழைப்பில்.

ஆகவே மனைவியிடம் "ஏன் வரமாட்டாய்?" என்று கேட்காதீர்கள், "எதை நினைத்துப் பயப்படுகிறாய்?" என்று கேளுங்கள். பிள்ளைகளின் படிப்பா, வயதான பெற்றோரா, தனிமையா? பதில் சொல்லும்போது இடையில் பேசாதீர்கள். அனுப்பும் அமைப்பிடம் மனைவிக்கும் மொழிப்பயிற்சி உண்டா, நோய் வந்தால் என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேளுங்கள். முடிந்தால் இருவருமாகச் சில வாரங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்த மிஷனரிக் குடும்பத்துப் பெண்களோடு, நீங்கள் பக்கத்தில் இல்லாமல், அவர் பேசட்டும். அதன்பிறகும் வேண்டாம் என்றால், காத்திருங்கள்.

கேள்வி: பணித்தளத்துக்கு வந்து 14 மாதங்கள். ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. ஜெபத்தாலும் பணத்தாலும் எங்களைத் தாங்குகிறவர்களுக்கு மாதக் கடிதம் எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: ஜட்சன் 1813-இல் ரங்கூன் போய்ச் சேர்ந்தார். முதல் ஞானஸ்நானம் 1819-இல்தான். கேரி ஏழு ஆண்டுகள் காத்திருந்தார். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: இந்த மாதம் யார் வீட்டில் உட்கார்ந்து பேசினீர்கள், எந்தச் சொல் நாக்கில் வரவில்லை, எந்த நோயாளிக்காக ஜெபம் வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். கடிதத்தில் அந்த ஊர்க்காரர்களின் உண்மைப் பெயரைப் போடாதீர்கள். தவறான கைக்குப் போனால் தொல்லை அவர்களுக்குத்தான்.