போலி என்று தெரிந்த பிறகும் ஒரு கவிதை நல்ல கவிதையாக இருக்குமா?

இருக்கும் என்றுதான் சொல்வேன். அப்படிச் சொல்ல வைத்தவர் எர்ன் மாலி.

1943 இறுதியில், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 'ஆங்ரி பெங்குவின்ஸ்' என்ற நவீன இலக்கிய இதழை நடத்திவந்த மேக்ஸ் ஹாரிஸுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எத்தல் மாலி. மெக்கானிக்காக இருந்த தன் சகோதரன் எர்ன் 25 வயதில் இறந்துவிட்டான், அவன் பொருட்களுக்கு நடுவே இந்தக் கவிதைகள் கிடைத்தன, இவை தேறுமா என்று கேட்டிருந்தார். 22 வயது ஹாரிஸ் சொக்கிப்போனார். 1944-இல் சிறப்பிதழே வந்துவிட்டது.

எர்னும் இல்லை, எத்தலும் இல்லை. ராணுவப் பணியில் இருந்த ஜேம்ஸ் மெக்காலி, ஹரால்ட் ஸ்டூவர்ட் என்ற இரண்டு கவிஞர்கள், அகராதி, ஷேக்ஸ்பியர், கொசு ஒழிப்புக்கான வடிகால் அறிக்கை என்று கைக்குக் கிடைத்ததிலிருந்து வரிகளைப் பிய்த்து ஒரே நாளில் ஒட்டியவை அவை. நவீனக் கவிதையைக் கொண்டாடுபவர்களுக்கு உளறலைக்கூட அடையாளம் தெரியாது என்று காட்டுவதுதான் நோக்கம். விஷயம் வெளியானதும் ஹாரிஸ் கேலிப்பொருளானார். அப்புறம் அந்தக் கவிதைகள் ஆபாசம் என்று வழக்கு. 5 பவுண்டு அபராதம்.

இந்தக் கதை எதுவும் தெரியாமல்தான் நான் முதல் கவிதையைப் படித்தேன். ஒருவன் கண்ணை மூடினால் ஒரு நகரம் தெரிகிறது: வண்ணக் கோபுரங்கள், பின்னால் பனிமலை, எல்லாம் நீரில் தலைகீழாக. பிறகுதான் தெரிகிறது, ட்யூரர் என்ற ஓவியர் அதை என்றோ பார்த்துவிட்டார் என்று. இறந்தவர்களின் கனவைத் திருடியவனாகத் தன்னை உணர்கிறான். படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். போலி என்று அறிந்து மறுபடி படித்தபோது அந்தத் திருட்டு இன்னும் ஆழமாக உறைத்தது. அது மெக்காலி முன்பே அக்கறையோடு எழுதி, வெளியிடாமல் வைத்திருந்த கவிதையைத் திருத்தியது என்பது பின்னால்தான் தெரியவந்தது.

ஹாரிஸுக்காக எனக்கு வருத்தம் உண்டு. இளம் வயதில் செத்துப்போன ஏழைக் கவிஞன் என்ற கதை அவரை அசைத்திருக்கும், யாரைத்தான் அசைக்காது? ஆனால் முதல் கவிதையில் அவர் கண்டது அங்கே நிஜமாகவே இருந்தது. எல்லாவற்றையும் அப்படிச் சொல்ல மாட்டேன். கொசு அறிக்கை வரிகளோடு தொடங்கும் கவிதையை எத்தனை முறை படித்தும் எனக்கு ஒட்டவில்லை.