பெயர் வெளிநாடு, பிறப்பு சுங்கைவே: வாசகர் கேள்வி–பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, பீர் விலையைப் பற்றியே இருந்தன. இந்தப் பகுதியில் மதுவைப் பற்றி எழுதலாமா என்று முதலில் தயங்கினேன். கேட்டவர்கள் வயது வந்தவர்கள், கேள்விகளும் நியாயமானவை என்பதால் நான்குக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, கோயம்புத்தூரிலிருந்து வேலை அனுமதியில் வந்து, கோலாலம்பூர் பங்சாரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். வார இறுதியில் இரண்டு டின் பீர் அருந்துவது வழக்கம். டாஸ்மாக் கடையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்து பழகிய எனக்கு, இங்குள்ள பேரங்காடியில் எதை எடுப்பது என்றே தெரியவில்லை. சென்ற வாரம் 320 மில்லிலிட்டர் உள்ளூர் டின் ஒன்றை 8 வெள்ளி (ரிங்கிட்) 50 காசுக்கு வாங்கினேன். அதே அடுக்கில் ஜெர்மனியிலிருந்து வந்த 500 மில்லிலிட்டர் டின் 9 வெள்ளி 90 காசுக்கு இருந்தது. கப்பலேறி வந்தது எப்படி மலிவாக இருக்க முடியும்? எதை வாங்குவது சரி? அம்மா உங்கள் இதழைப் படிப்பவர் என்பதால் என் பெயரைப் போட வேண்டாம்.

பதில்: பெயரைப் போடவில்லை. ஆனால் கோயம்புத்தூர், பங்சார், வார இறுதி என்ற மூன்றையும் வைத்து அம்மா கண்டுபிடித்துவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

உள்ளூர் பீர், வெளிநாட்டுப் பீர் என்று நீங்கள் பிரித்திருப்பதை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். இங்கே பெயர் ஓரிடத்திலும் பிறப்பு வேறிடத்திலும் இருக்கும். ஹைனிக்கன் என்றால் நெதர்லாந்து, கார்ல்ஸ்பெர்க் என்றால் டென்மார்க், கின்னஸ் என்றால் அயர்லாந்து என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் இந்நாட்டுக் கடைகளில் நாம் வழக்கமாகக் காணும் அந்தப் போத்தல்களும் டின்களும் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே நிரப்பப்பட்டவை. ஹைனிக்கன், டைகர், ஆங்கர், கின்னஸ் ஆகியவை பெட்டாலிங் ஜெயாவை ஒட்டிய சுங்கைவே ஆலையிலிருந்து வருகின்றன. கின்னஸ் நிறுவனமும் மலாயன் புரூவரிஸும் 1989இல் இணைந்து உருவான, அந்த ஆலையை நடத்தும் நிறுவனம் 2016இல்தான் ஹைனிக்கன் மலேசியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. கார்ல்ஸ்பெர்க் 1972 முதல் ஷா ஆலாமில் தயாராகிறது. (ஷா ஆலாமில் வடிக்கிறார்களே தவிர, அந்நகரின் பல பிரிவுகளில் ஒரு டின் வாங்கக் கடை கிடையாது என்பது வேறு கதை.) நாம் நம்முடையது என்று நினைக்கும் டைகரோ 1932இல் சிங்கப்பூரில் பிறந்தது. ஆகவே முன்பக்கத்துச் சின்னத்தை விட்டுவிட்டு, டின்னைத் திருப்பிப் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். 'புரோடுக் மலேசியா' என்றிருந்தால் அது இங்கே வடித்தது. 'டிஇம்போர்ட் ஓலே' என்று தொடங்கி ஓர் இறக்குமதியாளரின் முகவரி இருந்தால் அது கடல் கடந்து வந்தது.

அடுத்து விலை. மலேசியாவில் பீருக்குக் கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கை அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது. 2016 மார்ச் முதல் கலால் வரி, பீரின் அளவைப் பார்க்காமல் அதிலுள்ள தூய ஆல்கஹாலின் அளவைப் பார்த்தே விதிக்கப்படுகிறது. லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 175 ரிங்கிட் என்றிருந்த வரி, 2025 நவம்பர் 1 முதல் 10 விழுக்காடு உயர்ந்து 192 ரிங்கிட் 50 காசு ஆகியிருக்கிறது. ஒரு மில்லிலிட்டர் ஆல்கஹாலுக்கு ஏறக்குறைய 19 காசு என்று மனத்தில் வைத்துக்கொண்டால் கணக்குச் சுலபம். உங்கள் உள்ளூர் டின் 5 விழுக்காடு வலிமையுடையது என்று கொள்வோம். 320 மில்லிலிட்டரில் ஆல்கஹால் 16 மில்லிலிட்டர், அதற்குரிய கலால் வரி 3 வெள்ளி 8 காசு. அதே வலிமையுள்ள ஜெர்மன் டின்னில் ஆல்கஹால் 25 மில்லிலிட்டர், வரி 4 வெள்ளி 81 காசு.

இந்த வரி உள்ளூர் என்றும் வெளிநாடு என்றும் பார்ப்பதில்லை. இரு டின்களின் விலையிலும் அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்: உள்ளூர் டின்னில் 5 வெள்ளி 42 காசும், ஜெர்மன் டின்னில் 5 வெள்ளி 9 காசும் மிஞ்சுகின்றன. உங்கள் கேள்விக்கான விடை இந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. உள்ளூர் டின்னின் மிச்சத்தில் பந்து விளையாட்டு, சீனப் புத்தாண்டு ஆகியவற்றுக்கான விளம்பரச் செலவும், கோப்பிக் கடைதோறும் மேசைக்கு வந்து பீர் விற்கும் பெண்களின் சம்பளமும் அடங்கியிருக்கின்றன. மலிவான ஐரோப்பிய டின் விளம்பரம் செய்வதில்லை; ஆலையிலிருந்து பெருமளவில் வாங்கிக் கொள்கலனில் அடைத்து அனுப்புகிறார்கள். கப்பல் கட்டணமும் இறக்குமதிச் செலவுகளும் போன பிறகும் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது என்றால், உள்ளே இருப்பது மிக எளிய, மிகச் சாதாரணமான பீர் என்று பொருள். நூறு மில்லிலிட்டருக்கு உள்ளூர் டின் 2 வெள்ளி 66 காசு, ஜெர்மன் டின் 1 வெள்ளி 98 காசு. அளவை மட்டும் பார்த்தால் ஜெர்மன் டின்னுக்கே வெற்றி.

நான் அளவை மட்டும் பார்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் ஐரோப்பிய பீர் ஒரு பெட்டி பாதி விலைக்குக் கிடைத்தது. 24 டின்களையும் தோளில் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறினேன். முதல் டின்னைத் திறந்தபோது நுரை நன்றாகவே எழுந்தது. ஒரு மிடறு விழுங்கியதும் மழையில் நனைந்த அட்டைப் பெட்டியைக் கடித்தது போலிருந்தது. பீர் பழசாகி ஆக்சிஜனோடு சேர்ந்தால் அந்தச் சுவைதான் வரும். செங்கடலையும் இந்தியப் பெருங்கடலையும் வெப்பமான இரும்புக் கொள்கலனுக்குள் கடந்து, துறைமுகக் கிடங்கில் கிடந்து, பிறகு குளிரூட்டி இல்லாத கடை அடுக்கில் நிற்கும் வெளிறிய லாகர் வகைப் பீருக்கு அந்தக் கதி சீக்கிரமே வந்துவிடுகிறது. டின்னின் அடியில் 'பாயிக் செபெலும்' (இந்தத் தேதிக்குள் அருந்துவது நல்லது) என்ற சொற்களுக்கு அருகில் அச்சிட்டிருக்கும் தேதியை அன்று நான் பார்க்கவில்லை. இன்னும் ஐந்து வாரமே மீதமிருந்தது. கழிவு விலைக்குக் காரணம் அதுதான். அந்தப் பெட்டியில் மிஞ்சியதெல்லாம் கோழிக் குழம்புக்குப் போயிற்று. குழம்பும் சுமார்தான்.

பச்சைப் போத்தலிலும் எச்சரிக்கை தேவை. பீருக்குக் கசப்பைத் தரும் ஹாப்ஸ் என்னும் பூவின் சத்து வெளிச்சம் பட்டால் சிதைந்து ஒரு கந்தக வாடையைக் கொடுக்கும். பழுப்புக் கண்ணாடி அதைத் தடுக்கும், பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. தோட்டப்புறத்தில் வளர்ந்த வாசகர்களுக்கு ரப்பர்ப் பால் புளித்த வாடை என்றால் உடனே விளங்கிவிடும். கடையின் கண்ணாடிச் சுவரோரம் வெயிலில் நிற்கும் பச்சைப் போத்தலை, எந்த நாட்டுப் பெயர் தாங்கியிருந்தாலும் தொடாதீர்கள். டின்னுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எனவே என் தீர்ப்பு இது. குளிரக் குளிரக் குடிக்கும் வெளிறிய லாகர்தான் வேண்டுமென்றால், ஆலை அரைமணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் உள்ளூர்ப் பீரையே வாங்குங்கள். புதிதாக இருப்பது அதன் பெரிய பலம். டின்னில் உள்ள தேதிக்கு இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் உங்கள் ஜெர்மன் டின்னையும் கூச்சமில்லாமல் எடுக்கலாம். கூடுதல் பணம் கொடுத்து இறக்குமதியை வாங்குவதென்றால் அதை லாகருக்குக் கொடுக்காமல் ஜெர்மானியக் கோதுமைப் பீர், பெல்ஜியத்து அடர் பீர் போன்றவற்றுக்குக் கொடுங்கள். விலையை ஒப்பிடும்போது வலிமையையும் சேர்த்துப் பாருங்கள்: 4.5 விழுக்காட்டு டின்னையும் 5 விழுக்காட்டு டின்னையும் ஒரே விலைக்கு விற்றால், முன்னதில் 30 காசுக்கு மேல் குறைந்த வரியின் பயன் உங்களுக்கு வரவில்லை. பெரிய போத்தல் எல்லாம் ஊரில் உள்ளதுபோல் 650 மில்லிலிட்டர் என்று எண்ணிவிடாதீர்கள்; 580 மில்லிலிட்டர் போத்தலும் அதே உயரத்தில் நிற்கும்.

இன்னொன்று: பேரங்காடிகள் பலவற்றில் பீர் 'ஹலால் அல்லாத' பகுதியில் தனியாக இருக்கும், பணமும் அங்கேயே தனிக் கல்லாவில் கட்ட வேண்டும். பால், ரொட்டியோடு சேர்த்துப் பொதுக் கல்லாவில் நீட்டி, தலையில் துடோங் என்னும் முக்காடு அணிந்த முஸ்லிம் பெண்ணைச் சங்கடப்படுத்தாதீர்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 2017 டிசம்பர் முதல் விற்பனை இல்லை. இளமையான முகம் என்றால் கடப்பிதழைக் கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் செந்தூல் பகுதியில் ஒரு சிறு கடையில் 8 விழுக்காடு வலிமையுள்ள 500 மில்லிலிட்டர் வெளிநாட்டு டின் 6 வெள்ளிக்குக் கிடைக்கிறது. நண்பர்கள் பெட்டியாக வாங்குகிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். மேலே சொன்ன கணக்கையே போட்டுப் பாருங்கள். 500 மில்லிலிட்டரில் 8 விழுக்காடு என்றால் ஆல்கஹால் 40 மில்லிலிட்டர், அதன் கலால் வரி மட்டுமே 7 வெள்ளி 70 காசு. வரியைவிடக் குறைந்த விலைக்கு எந்த வணிகரும் முறையாக விற்க முடியாது. அது வரி கட்டாமல் வந்த கடத்தல் சரக்காக இருக்க வேண்டும், அல்லது டின்னில் எழுதியிருப்பது ஒன்றாகவும் உள்ளே இருப்பது வேறாகவும் இருக்க வேண்டும். முறையாக வந்த டின்னில் 'ஆராக்' என்ற சொல்லும், 'மெமினும் ஆராக் போலே மெம்பஹாயாக்கான் கெசிஹாத்தான்', அதாவது மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு, என்ற மலாய் எச்சரிக்கையும் கட்டாயம் அச்சாகியிருக்கும். தாய்லாந்து எழுத்தோ வியட்நாமிய எழுத்தோ மட்டும் இருந்து மலாய் எழுத்தே இல்லையென்றால் அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்ததை நண்பர்களுக்கு நினைவுபடுத்துங்கள். இறந்தவர்களில் பலர் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மாரிலிருந்து வந்த தொழிலாளர்கள். மலேசியர்களும் இருந்தார்கள். மெத்தனாலுக்குத் தனிச் சுவையோ வாடையோ இல்லாததால் குடிப்பவருக்குத் தெரியாது. அது உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். குடித்த மறுநாள் பார்வை மங்கலாகத் தெரிந்தால் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுத்துவிடாமல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போக வேண்டும்.

கேள்வி: பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம். எங்கள் மாமியார் காலத்தில் கறுப்புப் பீரில் முட்டை அடித்துக் கொடுப்பார்கள், இரத்தம் ஊறும் என்பார்கள். உள்ளூர் ஸ்டௌட் நல்லதா, அயர்லாந்திலிருந்தே வருவது நல்லதா?

பதில்: அம்மா, இரண்டும் வேண்டாம். பாலூட்டும் தாய் குடிக்கும் மது தாய்ப்பாலில் கலக்கும். ஸ்டௌட்டின் கறுப்பு, வறுத்த வாற்கோதுமையின் நிறம். அதில் இரும்புச் சத்து சொல்லும்படியாக இல்லை. அந்தப் பணத்துக்கு முருங்கைக்கீரையும் ஈரலும் வாங்குங்கள். வீட்டில் வேறு யாரேனும் குடிப்பதற்காகக் கேட்டிருந்தால்: இங்கு வடிக்கும் போத்தல் ஸ்டௌட் கசப்பும் கனமும் கூடியது, சீனக் கோப்பிக் கடைகளில் 'கறுப்பு நாய்' என்று கேட்டு வாங்குவது அதைத்தான். டின்னுக்குள் சிறு பந்து உருளும் டிராஃட் வகை வலிமை குறைந்தது, நைட்ரஜனால் நுரை வெண்ணெய் போலிருக்கும், விலை கூடுதல்.

கேள்வி: நாங்கள் மூவர் சென்னையிலிருந்து பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவர்கள். லங்காவியில் பீருக்கு வரி இல்லையாமே? மாதம் ஒருமுறை போய் வாங்கி வந்தால் மிச்சம் பிடிக்க முடியுமா?

பதில்: லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு என்பது உண்மை. அங்கே கடற்கரையில் உட்கார்ந்து அருந்தும் வரைக்கும் நீங்கள் சொல்லும் மிச்சமும் உண்மை. தீவை விட்டு வெளியே கொண்டுவரும்போது ஒருவருக்கு மொத்தம் 1 லிட்டர் மதுவுக்குத்தான் தீர்வை விலக்கு உண்டு. தீவில் குறிப்பிட்ட நேரம் தங்கியிருக்கவும் வேண்டும். விஸ்கி என்றால் ஒரு போத்தல். பீர் என்றால் 320 மில்லிலிட்டர் டின் மூன்று, அதாவது 960 மில்லிலிட்டர். மூன்று டின்னுக்குக் கலால் வரி 9 வெள்ளி 24 காசு. இதற்காகப் பாலம் கடந்து கோலக்கெடா வரை வண்டியோட்டி, படகுக்குச் சீட்டெடுத்து, தீவில் அறையும் எடுக்க வேண்டும். நான்காவது டின்னைப் பைக்குள் மறைத்து வைத்தால் படகுத்துறையில் சுங்க அதிகாரி அதையும் எடுத்து மேசைமேல் வைப்பார். மூவருக்கும் சேர்த்து மாதம் 27 வெள்ளி 72 காசு மிச்சமாகும். எண்ணெய்ச் செலவே அதைத் தாண்டிவிடும்.